கடல் பக்கத்து வீடும் என் வயிற்றெரிச்சலும்

அன்பு மகள் ஜுபைதாவுக்கு, உன் உம்மா எழுதுவது.

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு வழியில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். இன்று காலையில் நீ இருமியது கேட்டது. மாப்பிள்ளைக்கு ஊற்றிய ஆப்பம் தீய்ந்துவிட்டதென்று நீ முணுமுணுத்ததும் கேட்டது. இந்தப் பினாங்குச் சூலியா தெருக் கடையின் மாடியில் முன் அறையில் நீயும் பின் அறையில் நானுமாக, நடுவில் ஒரு பலகைச் சுவரை வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையிலிருந்து நாம் பேசவில்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்று உன் வாப்பாவை விட்டு என்னிடம் கேட்கிறாய். போதும் என்று அவரை விட்டே நானும் சொல்லியனுப்புகிறேன். பாவம், கடையில் கப்பல்காரர்களிடம் கத்திவிட்டு வருகிற மனுஷர், வீட்டில் நமக்குத் தூது போய்க்கொண்டிருக்கிறார். வாயால் பேசினால் நான் பாதியில் கோபப்பட்டுவிடுவேன், நீ பாதியில் அழுதுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மரியமுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது என்பதும் எனக்கு ஒரு ஆறுதல்.

அன்று, மாப்பிள்ளை வாங்கப்போகிற அந்தப் புது வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு நீ சொன்னாயே, "உம்மாவுக்குப் பொறாமை லா, சாச்சி. வேற ஒண்ணுமில்லை" என்று. என்னிடம் சொல்லவில்லை, மரியமிடம் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன், செவிடியும் இல்லை. அந்த நேரம் என் முகத்தில் அறைந்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தும், எழுந்தும், தொழுதும், அரிசி களைந்தும் அதையே நினைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். எனக்குப் பொறாமைதான். கொஞ்சநஞ்சமில்லை, வயிறு பற்றி எரிகிறது. உன் மேல், அந்த வீட்டின் மேல், மரியமின் மேல், மூன்று பேர் மேலும். வருகிற திங்கட்கிழமை லாயர் ஆபீசில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டு அந்த வீட்டை உன் பேரில் எழுதப்போகிறார். அதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றி நான் உனக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஆனால் முதலில் என் பொறாமை எவ்வளவு, எதனால் என்று திறந்து சொல்லிவிடுகிறேன். அப்போதுதான், உம்மா சொல்வதில் எது எரிச்சல், எது உண்மை என்று நீயே பிரித்துப் பார்க்க முடியும்.

நம்மவர்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வருவார். பெண் தான் பிறந்த இடத்திலேயே இருப்பாள். மற்ற சனங்களில் பெண்ணைப் பெற்றவள், அதைத் தொட்டிலில் போடும்போதே இது வேறு வீட்டுக்குப் போகிற பிள்ளை என்று மனசைத் தேற்றிக்கொள்வாளாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. உனக்கு நிக்காஹ் ஆன அன்று எல்லாரும் அழுதார்கள், நான் அழவில்லை. ஏன் அழ வேண்டும்? நீ எங்கேயும் போகவில்லை. கூடத்திலிருந்து முன் அறைக்குப் போனாய், அவ்வளவுதான். மாப்பிள்ளைதான் பாவம், புது இடத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குத்தான் நான் ஆறுதல் சொன்னேன். இப்போது தாசேக் கெலுகோரில் அவர் வாங்கிப் போட்ட ரப்பர்த் தோட்டம் வாரிக் கொடுக்கிறது. அந்தச் செல்வத்துக்கு நான் எத்தனை துஆ செய்திருக்கிறேன் தெரியுமா? கேட்டது எல்லாம் கிடைத்தது. அது உன்னை என் வீட்டிலிருந்து கொண்டுபோய்விடும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. என் உம்மாவோ அவள் உம்மாவோ மகளை வண்டியேற்றி அனுப்பியதே இல்லை. அதை எப்படிச் செய்வது என்று எனக்குச் சொல்லித்தர ஆளும் இல்லை.

எனக்கென்றும் ஒரு வீடு இருந்தது. கீழக்கரையில் என் பேருக்குக் கட்டிய வீடு, சுண்ணாம்பு காய்ந்த வாசம்கூடப் போகவில்லை. அதை விற்றுத்தான் உன் வாப்பா இங்கே கப்பலுக்குச் சாமான் போடும் கடையைத் தொடங்கினார். என்னைக் கேட்டுத்தான் விற்றார், நான் சரி என்றேன், அதில் அவர் மேல் குறையில்லை. பினாங்குக்கு வந்தால் இதைவிடப் பெரிய வீடு வாங்கித் தருவேன் என்றார். அவரும் மனதாரத்தான் சொன்னார். கடைக்கு மேலே கொஞ்ச நாள் இருப்போம் என்று ஏறிய மாடி இது. உன்னை இங்கேதான் பெற்றேன். கீழேயிருந்து தார்க் கயிற்றின் வாடையும் கருவாட்டு வாடையும் பலகை இடுக்கு வழியே ஏறி வரும். பெருநாளுக்குப் புதுச் சேலை கட்டினாலும் ஒரு மணி நேரத்தில் அதுவும் தார் மணக்கும். தெருப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சாரியில் நாணயம் மாற்றுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று அதையும் சாத்தியே வைத்தேன். இது எல்லாம் உனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் ஒரு நாளும் குறைப்பட்டுச் சொல்லாததால், உம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று நீ நினைத்துக்கொண்டாய்.

மரியமின் கதைக்கு வருகிறேன். இந்தச் சாரியில் மாடிச் சுவரை உடைத்து வீட்டுக்கு வீடு கதவு வைத்திருப்பது, பெண்கள் கீழே இறங்கி கடை முகப்பு அஞ்சடி நடைபாதையில் ஆண்கள் நடுவே நடக்காமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வரத்தான். அந்தக் கதவை வைக்கச் சொல்லி உன் வாப்பாவை அரித்தெடுத்தவளே நான். புது ஊரில் பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அந்தப் பக்கம் மரியம் இருந்தாள், பிள்ளை இல்லாதவள், கலகலவென்று சிரிக்கிறவள். கதவு வைத்தது எனக்காக, அதில் போனதும் வந்ததும் நீதான். நான் அடித்தால் அங்கே ஓடுவாய். நான் செய்த வட்டலப்பத்தைத் தொடாமல் அங்கே போய் அவள் செய்ததைத் தின்பாய். நீ பெரிய மனுஷியானதும் அந்தக் கதவுக்கு அப்பால்தான், முதலில் அவளிடம்தான் சொன்னாய். அவளுக்குப் பிள்ளை இல்லையே, போகட்டும் என்று பொறுத்தேன். பொறுத்தேன் என்று சொல்கிறேனே தவிர, ஒவ்வொரு தடவையும் அது என்னைக் குத்தியது.

இந்த வீடு வாங்கப்போகும் சேதியையும் அவளிடம்தான் முதலில் சொன்னாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "சாச்சி, புலாவ் தீக்குஸ் பக்கம், கடலோரம், புது பங்களா லா. பட்டனைத் தட்டினா லைட்டு எரியுது" என்று நீ சொல்வதும், அவள் "யா அல்லாஹ், எங்கண்ணு!" என்று உன் முகத்தை வழித்து நெட்டி முறிப்பதும் எனக்குக் கேட்டது. மாலையில் நீ என்னிடம் வந்து புதுசாகச் சொல்வதுபோல் சொன்னாய். நானும் புதுசாகக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, "அங்கே பாசார் தூரமாச்சே" என்றேன். உன் முகம் சுருங்கிவிட்டது. சந்தை தூரமா பக்கமா என்று அப்போது எனக்கு எதுவும் தெரியாது. வாயில் முதலில் வந்தது அதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் வீடு பார்க்கப் புறப்பட்டபோது, திரைபோட்ட மோட்டார் காரில் நீயும் பிள்ளைகளும் ஏறினீர்கள். பக்கத்தில் மரியம் ஏறிக்கொண்டாள். எனக்கு இடமில்லை. "உம்மா, நீங்க ரிக்‌ஷாவில வந்துருங்க, ஆட்டம் இல்லாம இருக்கும்" என்றாய். என் இடுப்பு வலிக்காகத்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். ஆனால் வழியெல்லாம் திரைத்துணிக்குள் உட்கார்ந்துகொண்டு, என் மகளின் முதல் காரில் மரியம் போகிறாள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு முன்வாசலில் தரகரும் மாப்பிள்ளையின் கூட்டாளிகளும் உன் வாப்பாவும் கூட்டமாக நின்றார்கள். உங்கள் கார் நேரே முகப்புக்குள் போய்விட்டது. என் ரிக்‌ஷாக்காரன் அத்தனை ஆண்களைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு பின் சந்து வழியாக வந்து பின்கேட்டில் என்னை இறக்கினான். ஆக, அந்த வீட்டுக்குப் பின்வாசல் வழியாக நுழைந்தது நான் ஒருத்திதான். அதை அப்போது இன்னொரு அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீடு அழகுதான், மகளே. அன்று என் வாயிலிருந்து வராத வார்த்தை, இங்கே எழுதிவிடுகிறேன். தரையில் பூப்போட்ட ஓடு, கால் வைக்கவே மனசு வரவில்லை. குழாயைத் திருகினால் குளியலறையில் தண்ணீர். கருவாட்டு வாடை இல்லை. மேல்மாடியில் கடல் பக்கம் வரிசையாக ஜன்னல்கள், எல்லாம் திறந்து கிடந்தன. தென்னந்தோப்புக்கு அப்பால் கடல் தெரிந்தது. அந்தக் காற்று என் முகத்தில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை மறைக்கத்தான் குறை சொல்ல ஆரம்பித்தேன். உப்புக் காற்றில் ஜன்னல் கொண்டியெல்லாம் துருப்பிடிக்கும் என்றேன். தேங்காய் பிள்ளைகள் தலையில் விழும் என்றேன். அரிசி நமத்துப்போகும், பள்ளிவாசல் பாங்கு காதில் விழாது, ராத்திரி தவளை கத்தும் என்றேன்.

"உம்மா, தவளை கத்துறது ஒரு குறையா?" என்றாய்.

"சின்னப் பிள்ளைங்க பயந்துக்கும்."

"சூலியா தெருவுல குடிகாரன் கத்துறானே, அதுக்குப் பயப்படலையே."

மரியம் சிரித்தாள். அவள் சிரிக்க வேண்டுமென்று நீ சொல்லவில்லை, ஆனாலும் அவள் சிரித்தாள். அப்புறம் நீ அறை அறையாகக் காட்டிக்கொண்டு வந்தாய். இது மாப்பிள்ளைக்கு ஆபீஸ் அறை, இது பிள்ளைகளுக்கு, இது விருந்தாளிகளுக்கு. கடல் பக்கத்துக் கடைசி அறையில் நின்று, "இங்க சாச்சி வந்தா தங்கலாம்" என்றாய். நான் காத்திருந்தேன். எல்லா அறையும் முடிந்துவிட்டது. நீ படியிறங்கப் போய்விட்டாய். என் அறை எது என்று நானே எப்படிக் கேட்பேன்? நம் வழக்கத்தில் உம்மா மகளோடு இருப்பது கேட்டு வாங்குகிற விஷயமே இல்லையே. அந்த எரிச்சலில்தான், கீழே கூடத்துக்கு வந்ததும், "இவ்வளவு பணத்தைக் கொட்டி இந்த ஈரத் தரையில குடியிருக்கணுமா?" என்று சத்தமாகக் கேட்டேன். ஈரமே இல்லை, அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். நீ மரியமைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னது அப்போதுதான்.

நான் பின்பக்கமாக வெளியே வந்துவிட்டேன். ரிக்‌ஷாக்காரன் சந்து முனையில் நிழலுக்கு ஒதுங்கியிருந்தான். அவன் வரும் வரை வேலியோரம் நின்றேன். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற தென்னந்தோப்பு அந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான். வேலியை ஒட்டி அத்தாப்புக் கீற்றைப் போட்டு நீளமாக ஏதோ மூடி வைத்திருந்தது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தபோது அதை விறகுக் கொட்டகை என்று நினைத்திருந்தேன். கிட்ட நின்று பார்த்தால், கீற்றுக்கு அடியில் சதுப்பு மரத்துப் பாக்காவ் கழிகள், உரித்து, ஒரு முனையைச் சீவி, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. தென்னை மரங்களைப் பார்த்தேன். அந்த வேலியிலிருந்து கடல் வரைக்கும் ஒவ்வொரு மரத்திலும், வெட்டுவதற்கு அடையாளமாகச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தது.

பாக்காவ் கழி எதற்கென்று உனக்குத் தெரியாது, அது நம் வீட்டருகே வந்து இறங்கியபோது நீ தவழ்கிற பிள்ளை. நம் சூலியா தெரு வீட்டுப் பின்முற்றத்தில் ஒரு காலத்தில் நல்ல வெயில் விழும். வடகம் காயப்போடுவேன், உன்னை எண்ணெய் தேய்த்து உட்காரவைப்பேன். தலை குளித்துவிட்டு முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் உட்காருவேன். சுற்றிலும் சுவர், மேலே வானம், பார்க்க ஒரு கண் கிடையாது. இந்த ஊருக்கு வந்து எனக்குப் பிடித்துப்போன ஒரே இடம் அதுதான். பிறகு பின்பக்கத்து மனையில் சீன முதலாளி ஒரு தவுக்கே கட்டடம் எழுப்பினார். முதலில் வந்து இறங்கியது இந்தப் பாக்காவ் கழிகள்தான். சேற்று மண்ணில் கனமான கட்டடம் நிற்க வேண்டுமென்றால் அதைத்தான் அடித்து இறக்குவார்கள். நாள் முழுக்கத் தொம் தொம்மென்று அடித்ததில் அலமாரிப் பீங்கான்கள் கீழே விழுந்து உடைந்தன. அது முடிந்து மூன்று அடுக்கு எழும்பியது. வெயில் போயிற்று. மேல் அடுக்கு வராந்தாவில் சிப்பந்திகள் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டு நேரே நம் முற்றத்தைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து படிக்கட்டு இருட்டில் உட்கார்ந்து சாம்பிராணிப் புகையில்தான் தலையை உலர்த்துகிறேன். சின்னக் கட்டடத்துக்கு யாரும் அந்தக் கழிகளை இறக்க மாட்டார்கள், மகளே. அந்தத் தோப்பில் பெரிதாக ஏதோ எழும்பப்போகிறது. ஓட்டலோ, கிளப்போ, எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை எந்தக் காற்றுக்கும் கடலுக்கும் விலை கொடுக்கிறாரோ, அதற்கு நேரே ஒரு சுவர் நிற்கும். அதன் மாடியில் நிற்கிற ஆண்கள் உன் பின்முற்றத்தையும் குளியலறை வாசலையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உன் பேரில் இருக்கிற வீட்டில், அத்தனை ஜன்னலையும் சாத்திவிட்டு நீ உள்ளே உட்கார்ந்திருப்பாய்.

முன்வாசல் வழியாக வந்த ஆண்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. அவர்கள் முகப்புத் தூணைத் தட்டிப் பார்த்தார்கள், ரோட்டின் அகலத்தைப் பார்த்தார்கள், கார் திரும்ப இடமிருக்கிறதா என்று பார்த்தார்கள். நம் வீட்டு ஆண்கள் எல்லாரும் இப்படித்தான் வீடு பார்ப்பார்கள். வீட்டில் நாள் முழுக்க இருக்கப்போகிறவள் பின்கட்டில் இருப்பாள், அவளை வீடு பார்க்க அழைத்துவந்தாலும் திரைக்குள்ளேயே முகப்பு வரை கொண்டுவந்து இறக்கி, அறைகளைக் காட்டி, திரைக்குள்ளேயே திருப்பிக் கொண்டுபோவார்கள். மரியம் உன் மேல் உள்ள ஆசையில் எதைப் பார்த்தாலும் அழகு அழகு என்றாள். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று வெறியோடு வந்தவள் நான்தான், அதனால்தான் என் கண்ணில் அது பட்டது.

இனி எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. அந்தக் கழிகளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், உண்மையாகவே சந்தோஷம். உள்ளே திரும்பி வந்து உன்னிடம் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். நான் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன். வாங்கட்டும் என்று நினைத்தேன். வாங்கி, குடிபோய், அந்தச் சுவர் எழும்பட்டும். அப்போது உம்மா சொன்னது தெரியும். அப்போது இந்த மாடிக்கே திரும்பி வருவாள், முன் அறைக்கு. வீடு வந்து சேரும் வரை இதையே சுவைத்துக்கொண்டு வந்தேன். ராத்திரி உன் வாப்பா, "என்ன புள்ளே, மவ கிட்டப் பேசாம இருக்கே? வீடு புடிக்கலையா?" என்றார்.

"நல்ல வீடுதான். நல்லா வாங்கட்டும்" என்றேன்.

"கடல் காத்துக்காகவே குடுக்கலாம்னு மாப்ள சொல்றாரு."

"ஆமா. காத்து நல்லா வருது" என்றேன்.

அப்படியே நான் இருந்துவிட்டிருப்பேன். இன்று மதியம் நீ மரியம் வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் திரைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாய். வழக்கம்போல் நான் கதவுக்கு இந்தப் பக்கம். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சாச்சி. தலைக்குக் குளிச்சிட்டு அந்தப் பின்முற்றத்துல வெயில்ல உக்காரணும், முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு. அங்க யாரும் பாக்க மாட்டாங்க லா. இங்க புகையில காய வச்சு காய வச்சு என் தலையே புகைக்கூண்டாப் போச்சு" என்றாய். அந்த ஆசை உனக்கும் இருக்கிறது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. பின்முற்றத்து வெயில் போனபோது நீ குழந்தை, உனக்கு அது நினைவிருக்கவும் நியாயமில்லை. நான் பறிகொடுத்த அதே இடத்தைத்தான் நீ தேடிக்கொண்டிருந்திருக்கிறாய். அதை நீயும் பறிகொடுக்கப்போவதை நான் பின்கேட்டில் நின்று பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ரிக்‌ஷா ஏறி வந்திருக்கிறேன். உன் மேல் எனக்குப் பொறாமை உண்டு. ஆனால் இருட்டில் உட்கார்ந்து தலையை உலர்த்துகிற வாழ்க்கையை என் எதிரிக்குக்கூட நான் கேட்க மாட்டேன்.

ஆகவே, நான் சொன்னதில் எது எரிச்சல், எது உண்மை என்று நீ தேடிக் கஷ்டப்பட வேண்டாம், நானே பிரித்துவிடுகிறேன். தேங்காய், தவளை, துரு, அரிசி எல்லாம் வயிற்றெரிச்சல். தரை ஈரம் பச்சைப் பொய். பள்ளிவாசல் தூரம் என்பது பாதி உண்மை. பாங்கு கேட்காத இடத்தில் நான் இருந்ததில்லை, ஆனால் நீ கடிகாரம் பார்த்துத் தொழுவாய். பாக்காவ் கழிகள் முழு உண்மை. என் பேச்சை நம்ப வேண்டாம், பொறாமைக்காரியின் பேச்சுத்தானே. மாப்பிள்ளையை நாளைக்கே பின் சந்து வழியாகப் போய் அந்தக் கீற்றைத் தூக்கிப் பார்க்கச் சொல். தோப்பு யாருடையது, என்ன எழும்பப்போகிறது, எத்தனை அடுக்கு என்று விசாரிக்கச் சொல். வேலியோரம் சின்னதாக ஏதாவது கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடட்டும். குடிபோகிற அன்று மௌலூது ஓதலுக்கு நெய்ச்சோறு நானே ஆக்குகிறேன். வயிறு எரிந்துகொண்டே ஆக்கினாலும் ருசி குறையாது. பெரிசாக எழும்புகிறது என்றால், அந்தப் பூப்போட்ட ஓட்டுக்காகவும் பட்டன் லைட்டுக்காகவும் மயங்காதே. ஓடும் லைட்டும் எந்த வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம். பக்கத்து மனை வேறொருவர் கையில் இருக்கிறது, அதில் அவர் எதை வேண்டுமானாலும் எழுப்புவார். அதை நீ வாங்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. கடல் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை. நாலு பக்கமும் வீடுகள் ஏற்கெனவே எழும்பி முடிந்த இடமாக, எந்த ஜன்னல் எந்த முற்றத்தைப் பார்க்கிறது என்று இன்றைக்கே தெரிந்துவிடுகிற இடமாகப் பார். நடுப்பகலில் போய்ப் பின்முற்றத்தில் நின்று பார், வெயில் உன் காலில் விழுகிறதா என்று. விழுந்தால் அதை வாங்கு.

இதைச் சொல்லிவிட்டதால் எனக்கு என்ன ஆகும் என்றும் தெரியும். நீ இதைவிட நல்ல வீடாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போவாய். அங்கே காற்றும் இருக்கும், வெயிலும் இருக்கும், திரும்பி வர ஒரு காரணமும் இருக்காது. முன் அறை காலியாகிவிடும். அந்த வீட்டின் மேலும் பொறாமைப்படுவேன், இப்போதே சொல்லிவைக்கிறேன். அங்கே எனக்கொரு அறை வேண்டும், ஜுபைதா. கேட்டு வாங்கும் விஷயமில்லை என்று மேலே எழுதினேன், ஆனாலும் கேட்கிறேன். உன் வாப்பா கடையை விட்டு வரமாட்டார் என்று நீயாக நினைத்துக்கொண்டுதான் என்னைக் கேட்கவில்லை என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன், இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இல்லை, அதனால் இல்லை, உம்மா கூட இருந்தால் மூச்சு முட்டுகிறது என்றால் அதையும் நேரே சொல்லிவிடு. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதை என்னால் கேட்க முடியாது.

இந்தக் கடிதத்தை உன் தையல் பெட்டிக்குள், வெட்டிய திரைத்துணிக்கு மேலே வைக்கிறேன். படித்ததும் வாப்பாவைத் தூது அனுப்பாதே. நான் பின்கட்டில்தான் இருப்பேன், நீ எழுந்து வா.